கோல் விழவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

கால்பந்து ஆட்டம் முடிந்து தலை குனிந்து வரும் பையன்களிடம் ஆறு வருடங்களாக ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: "ஃபினிஷிங் சரியில்லை." மறுநாள் காலை பாக்ஸின், அதாவது கோலுக்கு முன்னால் வரைந்த பெரிய செவ்வகத்தின், விளிம்பில் பந்துகளை வரிசையாக வைத்து ஆளுக்கு ஐம்பது அடி அடிக்கச் சொல்வேன். அடுத்த ஞாயிறும் கோல் விழாது. "உடம்பு சரியில்லை" என்று வருபவரிடம் மருத்துவர் "ஆமாம், உங்களுக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லி மாத்திரை எழுதித் தந்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன்.

கோல் வராமல் போவதற்குக் காரணங்கள் பல. வெளியே தெரிவதோ ஒரே முகம்தான். கீழே உள்ளவற்றில் உங்கள் அணிக்குப் பொருந்தும் அறிகுறியைத் தேடி அங்கிருந்து தொடங்குங்கள். வடசென்னையில் பதினெட்டு வயதுக்குட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி தரும் ஒருவன் எழுதுவது இது. பெரிய அணிகளின் கதைகளும் வரும், ஏனென்றால் நம் மைதானத்தில் கெடுவதுதான் அங்கும் கெடுகிறது.

முதலில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கணுக்கால் பிசகி வெளியே உட்கார்ந்திருக்கும் பையன் எப்படியும் ஒருவன் இருப்பான், அவனிடம் கொடுங்கள். பக்கத்துக்கு ஒரு பாதி மைதானம் வரையச் சொல்லுங்கள். நம் அணி கோலை நோக்கி அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும், அடித்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. கோல் ஆனால் அதைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் ஓர் எண்: அடிப்பதற்கு முன் பந்தை எத்தனை முறை தொட்டான் என்பது. அதோடு ஓர் எழுத்து: தரையில் வந்த பந்துக்கு 'த', உயரத்தில் வந்ததற்கு 'உ', கார்னர் அல்லது ஃப்ரீ கிக் என்றால் 'நி', அதாவது நின்ற பந்து.

மூன்று ஆட்டங்களுக்காவது இதை எழுதாமல் எதையும் மாற்றாதீர்கள். ஓர் ஆட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது ஒரு நாள் மழையைப் பார்த்துப் பருவமழை தொடங்கிவிட்டது என்பதைப் போல.

அறிகுறி: அடி நிறைய, கோல் இல்லை

அதிகம் வரும் புகார் இது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

பெருக்கல் குறிகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள். தொழில்முறைக் கால்பந்திலேயே பத்து அடிக்கு ஏறக்குறைய ஒன்றுதான் கோலாகிறது. பெனால்டி நான்கில் மூன்று, கொஞ்சம் கூடவும் ஆகும். பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடிப்பது முப்பதில் ஒன்று தேறினால் பெரிது. எங்கள் நோட்டில் பாதிக்கு மேல் வெளியே இருந்தன. ஐரோப்பிய லீக்கில் ஒருவர் முப்பது மீட்டரிலிருந்து அடித்த கோலைப் பையன்கள் செல்பேசியில் நூறு முறை பார்த்திருக்கிறார்கள். அதே ஆள் ஆகாயத்துக்கு அனுப்பிய மற்ற இருபத்தொன்பதை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

தூரத்தை விடவும் பையன்களுக்குப் புரியாதது கோணம். இதற்கு நான் கண்ட வழி, துணி காயப்போடும் கயிறு. இரண்டு கயிறுகளை இரு கம்பங்களிலும் கட்டி, மறு முனைகளைப் பந்து இருக்கும் இடத்தில் சேர்த்துப் பிடியுங்கள். கோலின் அகலம் 7.32 மீட்டர். பெனால்டி புள்ளியில், அதாவது 11 மீட்டரில் பிடித்தால் கயிறுகளுக்கு இடையே ஏறக்குறைய 37 பாகை விரியும். நேராக 25 மீட்டருக்குப் போனால் 17 பாகைக்கும் குறைவு. இனிதான் வேடிக்கை. கோல் கோட்டுக்கு ஐந்தரை மீட்டர் அருகில், ஆனால் நடுவிலிருந்து 12 மீட்டர் ஓரமாகப் போய் நில்லுங்கள். கோலுக்குப் பக்கத்தில் நிற்பதுபோலத்தான் இருக்கும். கோணமோ 14 பாகைதான். 25 மீட்டரிலிருந்து நேராக அடிப்பதைவிடக் குறைவு! எங்கள் இடது ஓர ஆட்டக்காரன் கயிறுகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், நான் இத்தனை நாளும் கம்பத்தையா அடித்துக்கொண்டிருந்தேன்?" என்றான். அடுத்த ஆட்டத்தில் அதே இடத்தில் பந்து கிடைத்ததும் அடிக்காமல் பின்னால் வந்தவனுக்குத் தள்ளிவிட்டான்.

குறிகள் பாக்ஸின் நடுவில்தான் இருக்கின்றன, ஆனாலும் கோல் இல்லை என்றால் பக்கத்தில் எழுதிய எண்ணைப் பாருங்கள். பாக்ஸுக்குள் விழும் கோல்களில் பெரும்பாலானவை முதல் தொடுதலிலேயே அடிக்கப்படுபவை. உங்கள் நோட்டில் 2, 3 என்றே வந்தால், பையன் பந்தை நிறுத்தி, தலை நிமிர்ந்து பார்த்து, பிறகு அடிக்கிறான். அதற்குள் டிஃபெண்டரின் கால் குறுக்கே வந்துவிடும்.

இங்கேயும் பழியை அடித்தவன் தலையில் போட அவசரப்படாதீர்கள். எங்கள் ஒன்பதாம் எண், அதாவது நடு ஃபார்வர்ட், எப்போதும் இரண்டு முறை தொட்டான். ஒரு மாலை கோலுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். பந்து ஒவ்வொரு முறையும் அவன் ஓட்டத்துக்கு ஒரு முழம் பின்னால் வந்துகொண்டிருந்தது. நிறுத்தாமல் அடிக்கவே முடியாது. பாஸ் கொடுத்தவன் வலது ஓரத்தில் இருந்த ஏழாம் எண். அவன் ஆள் நிற்கும் இடத்துக்குக் கொடுத்தான், ஆள் போகும் இடத்துக்குக் கொடுக்கவில்லை. திட்டு வாங்கியது ஒருவன், திருந்த வேண்டியது இன்னொருவன். ஏழாம் எண்ணுக்கு இரண்டு வாரம் தனிப் பயிற்சி கொடுத்தேன். ஒன்பதாம் எண்ணுக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

இடமும் சரி, தொடுதலும் சரி, பாஸும் சரி என்றால் நேராகக் கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: பந்து நம்மிடமே இருக்கிறது, அடியே இல்லை

இந்த நோய்க்கு உலகறிந்த நோயாளி ஸ்பெயின். 2018 உலகக் கோப்பையில் மாஸ்கோவில் ரஷ்யாவுக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள். ஆட்டம் 1-1. அந்த ஒரு கோலும் ரஷ்ய ஆட்டக்காரர் தன் கோலுக்குள்ளேயே போட்டுக்கொண்டது. பெனால்டி ஷூட்-அவுட்டில் ஸ்பெயின் வெளியே போனது. நான்கு வருடம் கழித்து 2022இல் மொராக்கோவுக்கு எதிராக மீண்டும் ஆயிரத்துக்கு மேல் பாஸ், 120 நிமிடம், 0-0. ஷூட்-அவுட்டில் அடித்த மூன்றில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. போட்டிக்கு வருமுன் ஆளுக்கு ஆயிரம் பெனால்டி அடித்துப் பழக வேண்டும் என்று பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார் என்பது கூடுதல் வேதனை.

சோதிப்பது எளிது. நம் ஆள் பந்தோடு நிமிரும் கணத்தில், எதிரணி டிஃபெண்டர்களைத் தாண்டி அவர்களின் முதுகுக்குப் பின்னால் ஓடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். எல்லோரும் பந்தைக் காலடியில் கேட்பார்கள், கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். எதிரணிக்கு இதைவிட வசதி வேறில்லை. அவர்கள் திரும்பவே வேண்டாம், முன்னால் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும்.

பந்து கிடைக்காது என்று தெரிந்தும் ஓடுகிற ஒருவன் வேண்டும். அவன் ஓட்டம் ஒரு டிஃபெண்டரை இழுத்துக்கொண்டு போகும், அந்த ஓட்டையில் அடுத்தவன் நுழைவான். பையன்களுக்கு இதை விற்பது கடினம். ஓடியதற்கு யாரும் கை தட்டமாட்டார்கள். பயிற்சியில் நான் ஒரு விதி வைத்தேன்: பாஸ் வாங்காமல் ஓடியவன் திறந்த இடத்தில் கோல் விழுந்தால், அந்தக் கோல் ஓடியவன் பெயரில்தான் நோட்டில் ஏறும். அதோடு, ஓரத்தில் கோல் கோடு வரை போய்த் தரையோடு பின்பக்கம் திருப்பித் தரும் பாஸைப் பழக்குங்கள். டிஃபெண்டர்கள் தங்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள், நம் ஆள் கோலைப் பார்த்தபடி வருவான். ஓரத்திலிருந்து உயரமாகத் தூக்கிப் போடும் கிராஸ்களைவிட இது பல மடங்கு பலன் தருகிறது.

"அப்படியானால் பாஸே வேண்டாம், நீளமாக அடித்துத் தள்ளு" என்று யாராவது கிளம்புவார்கள். அவர்களுக்கு ஒரு பழைய கதை. சார்லஸ் ரீப் என்ற இங்கிலாந்து விமானப்படைக் கணக்காளர் 1950இல் ஸ்விண்டன் அணியின் ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போனவர், பென்சிலை எடுத்து ஒவ்வொரு நகர்வையும் குறிக்கத் தொடங்கினார். பல வருடங்கள் விடாமல் குறித்தார். கோல்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு, மூன்று பாஸ் அல்லது அதற்கும் குறைவான நகர்வுகளில் விழுகின்றன என்று கண்டார். ஆகவே பாஸைக் குறைத்து நீளமாக அடியுங்கள் என்றார். ஒரு தலைமுறை இங்கிலாந்து ஆட்டமே இந்தக் கணக்கை நம்பியது. அவர் கவனிக்காதது ஒன்று: ஆட்டத்தின் மொத்த நகர்வுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் மூன்று பாஸுக்குள் அறுந்துவிடுபவைதான். 90க்கு மேல் இருப்பவை 80 கோல்தான் தருகின்றன என்றால், மீதியுள்ள நீண்ட நகர்வுகள்தான் ஒவ்வொன்றுக்கும் அதிகப் பலன் தருகின்றன! நோட்டு எழுதும் எல்லோரும் இவரை நினைவில் வைத்திருப்பது நல்லது. நானும் இதே தவற்றைச் செய்திருக்கிறேன், வேறொரு கணக்கில்.

அறிகுறி: கார்னர் மேல் கார்னர், ஒன்றும் விழவில்லை

2012 சாம்பியன்ஸ் லீக் இறுதி, மியூனிக். சொந்த ஊரில் ஆடிய பேயர்ன் மியூனிக்குக்கு 20 கார்னர். செல்சிக்கு ஒன்றே ஒன்று. 83ஆம் நிமிடத்தில் பேயர்ன் முன்னிலை பெற்றது. 88ஆம் நிமிடத்தில் அந்த ஒரே கார்னரை யுவான் மாட்டா எடுக்க, டிடியே ட்ரோக்பா முதல் கம்பத்தருகே பாய்ந்து தலையால் அடித்தார். 1-1. கோப்பை ஷூட்-அவுட்டில் செல்சிக்குப் போனது.

கார்னரின் எண்ணிக்கையை வெற்றியின் அடையாளமாகப் பார்க்காதீர்கள். நூறு கார்னரில் இரண்டு மூன்றுதான் நேராகக் கோலாக முடியும். ஆனால் திட்டம் போட்டால் இந்தக் கணக்கு மாறும். 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அடித்த 12 கோல்களில் 9, பெனால்டிகளையும் சேர்த்து, நின்ற பந்திலிருந்து வந்தவை. கார்னருக்கு அவர்கள் ரேஷன் கடை வரிசைபோல ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். பந்து கிளம்பியதும் ஆளுக்கொரு திசையில் சிதறுவார்கள். யாரைப் பிடிப்பது என்று டிஃபெண்டருக்குத் தெரியாது. இதற்கான யோசனையைப் பயிற்சியாளர் கேரத் சவுத்கேட் கூடைப்பந்திலிருந்தும் எடுத்துக்கொண்டார்.

நம்மிடம் பார்க்க வேண்டிய முதல் கேள்வி கொஞ்சம் சங்கடமானது: கார்னர் எடுப்பவன் ஏன் எடுக்கிறான்? எங்களிடம் காப்டன் எடுத்தான். ஏனென்றால் அவன் காப்டன். பத்தில் ஆறு முதல் டிஃபெண்டரின் தலையைத் தாண்டாது. வாளி ஒன்றை முதல் கம்பத்துக்கு முன்னால் ஒரு நாற்காலிமேல் வைத்து, அதைத் தாண்டி யார் அதிகம் போடுகிறார்கள் என்று எல்லோரையும் சோதித்தோம். வென்றவன் எங்கள் மாற்று கோல் கீப்பர். அவனைக் களத்தில் இறக்க முடியாது என்பதால் இரண்டாவது வந்த சின்னப் பையனிடம் கொடுத்தேன். காப்டன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காப்டனை இப்போது பாக்ஸுக்கு வெளியே நிறுத்துகிறேன். வெட்டிவிடப்பட்டு வெளியே வரும் பந்து அவனுக்குத்தான்.

அறிகுறி: கோல் அடிக்கிறோம், ஆனாலும் ஜெயிப்பதில்லை

2013-14 பிரீமியர் லீக் பருவத்தில் லிவர்பூல் 38 ஆட்டத்தில் 101 கோல் அடித்தது. வாங்கியது 50. கிடைத்தது இரண்டாம் இடம். 102 அடித்து 37 மட்டும் வாங்கிய மான்செஸ்டர் சிட்டி சாம்பியன், இடைவெளி இரண்டு புள்ளி. கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக லிவர்பூல் 3-0 என்று முன்னால் இருந்தது. கோல் வித்தியாசத்தையும் கூட்டிவிடலாம் என்று இன்னும் மேலே ஏறிக்கொண்டே இருந்தார்கள். 79ஆம் நிமிடத்திலிருந்து 88ஆம் நிமிடத்துக்குள் மூன்று கோல் வாங்கி 3-3.

இரண்டு வருடம் கழித்து லெஸ்டர் சிட்டி வெறும் 68 கோல் அடித்துச் சாம்பியன் ஆனது. இந்தப் பருவத்தைக் கூர்ந்து பாருங்கள். முதல் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர்கள் கோல் வாங்காமல் இருக்கவில்லை, மொத்தம் 17 வாங்கினார்கள். கோல் வாங்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் பீட்ஸா வாங்கித் தருகிறேன் என்றார் பயிற்சியாளர் ரனியேரி. பத்தாவது ஆட்டத்தில் 1-0. மீதி 29 ஆட்டங்களில் மொத்தமே 19தான் வாங்கினார்கள். பீட்ஸாவால் அல்ல என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நானும் பரோட்டா வாங்கிக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன்.

சோதனை: நம் அணி பந்தை இழக்கும் கணத்தில் "நில்" என்று விசில் ஊதுங்கள். பந்துக்கும் நம் கோலுக்கும் இடையே, கீப்பரை விட்டுவிட்டு, எத்தனை பேர் நிற்கிறார்கள்? இரண்டு என்றால் ஆபத்து. எங்கள் இரு பக்க டிஃபெண்டர்களும் ஒரே நேரத்தில் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள், ஒருவன் ஏறுவது மற்றவனுக்குத் தெரியாது. ஒருவன் ஏறினால் மற்றவன் உள்ளே வந்து நிற்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி. மூன்று பேர் எப்போதும் பின்னால். அடிக்கும் கோலும் குறையவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

அறிகுறி: அந்த ஒருவன் இல்லையென்றால் கோல் இல்லை

இதை நம் நாட்டு அணியைவிட நன்றாக விளக்க யாராலும் முடியாது. சுனில் சேத்ரி 94 கோல் அடித்து 2024 ஜூனில் ஓய்வு பெற்றார். 2025 மார்ச்சில், 40 வயதில், அவரையே திரும்ப அழைத்து வந்தார்கள். வந்த முதல் ஆட்டத்திலேயே மாலத்தீவுக்கு எதிராக 95ஆவதை அடித்தார். ஓய்வுக்கு முன்பு, 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் அவர் இருந்தும் மூன்று ஆட்டத்திலும் தோல்வி, ஆறு கோல் வாங்கியதற்கு ஒன்றுகூட அடிக்கவில்லை. கிளப் அணிகள் நடு ஃபார்வர்ட் இடத்தை வெளிநாட்டவருக்கே கொடுத்துவந்தால், அந்த இடத்தில் நின்று பழகிய உள்ளூர் ஆள் எங்கிருந்து வருவார்?

உங்கள் அணியில் இது இருந்தால், சிறந்தவனைப் பயிற்சி ஆட்டத்தில் வேண்டுமென்றே வெளியே உட்கார வையுங்கள். மற்றவர்கள் முதல் அரை மணி நேரம் தடுமாறுவார்கள், தடுமாறட்டும். எதிர்பாராத ஆளை முன்னே அனுப்பிப் பார்ப்பதிலும் தவறில்லை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டது. பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்னால் தள்ளினார். தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்ற இறுதி ஆட்டத்தில் ஒரு கோல் அவருடையது.

அறிகுறி: கடைசிப் பதினைந்து நிமிடத்தில் சரிவு

ஏறக்குறைய எல்லா லீக்கிலும் அதிகக் கோல் விழும் நேரம் இதுதான். கால் தளர்கிறது, தோற்கும் அணி ஆட்களை முன்னே தள்ளுகிறது. பிற்பகல் மூன்று மணி வெயிலில் தொடங்கும் நம் ஆட்டங்களில் இது இரட்டிப்பாகும். மாற்று ஆட்டக்காரர்களை 85ஆம் நிமிடம் வரை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். 60க்குப் பிறகு இறக்குங்கள், முதலில் நடுக்களத்தில். இடைவேளையில் சோடா வாங்கிக் குடிக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்.

அறிகுறி: வெளியூர் போனால் ஆட்டம் வருவதில்லை

ரசிகர்களின் சத்தத்துக்குப் பங்கு உண்டு. தொற்றுக் காலத்தில் பெரும்பாலும் காலி அரங்குகளில் நடந்த 2020-21 பிரீமியர் லீக்கில் விருந்தினர் அணிகள் 153 ஆட்டம் வென்றன, சொந்த அணிகள் 144. இங்கிலாந்தின் உயர்மட்ட லீக் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. நம் மட்டத்தில் சத்தத்தைவிட மைதானம் பெரிய காரணம். விதிப்படி அகலம் 45 மீட்டரும் இருக்கலாம், 90 மீட்டரும் இருக்கலாம். ஒரு மணி நேரம் முன்னால் போய்க் காலடியால் அளந்துவிடுங்கள். குறுகலாக இருந்தால் ஓர ஆட்டத்தை மறந்துவிடலாம்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் கோல் இல்லை

சென்னையின் எஃப்சி ரசிகர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். 2019-20 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்துடன். தொண்ணூறு நிமிடம் முடியும்வரை 0-0. நடுவர் கூட்டித்தந்த நிமிடங்களில் மட்டும் மூன்று கோல் விழுந்து 2-1 என வென்றார்கள். கடைசியை அடித்தவர் லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ். பயிற்சியாளர் ஜான் கிரிகோரி விலகி ஓவன் காயில் வந்தார். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். அவர்கள் இறுதி ஆட்டம் வரை போனார்கள், ஏடிகேயிடம் 3-1 எனத் தோற்றார்கள். நான்கு ஆட்டம் வறண்டு கிடந்த அணியின் வால்ஸ்கிஸ் 15 கோலோடு, அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கினார்.

புதுப் பயிற்சியாளர் வந்ததுதான் காரணம் என்பார்கள். இருக்கலாம், எனக்கும் அதில் பாதி நம்பிக்கை உண்டு. மறு பாதி: பத்தில் ஒன்று மட்டுமே உள்ளே போகும் ஆட்டத்தில், நல்ல இடத்திலிருந்து அடித்த முப்பது அடிகள் வரிசையாகத் தவறுவதும் நடக்கக்கூடியதுதான். உங்கள் நோட்டில் குறிகள் நடுவில் இருக்கின்றன, எண் 1 என்று இருக்கிறது, பந்து தரையில் வருகிறது என்றால் எதையும் மாற்றாதீர்கள். ஃபார்வர்டை வெளியே உட்கார வைக்காதீர்கள். ஐம்பது அடி தண்டனையும் வேண்டாம்.

எங்கள் ஒன்பதாம் எண் போன பருவத்தில் ஐந்து ஆட்டம் கோல் இல்லாமல் இருந்தான். ஐந்தாவது ஆட்டம் முடிந்த மாலை, நோட்டை வாங்கி அவனே பக்கம் பக்கமாகப் புரட்டினான். குறிகள் எல்லாம் பெனால்டி புள்ளியைச் சுற்றி எறும்புபோல மொய்த்திருந்தன. "இது போதுமா சார்?" என்று கேட்டான். போதும் என்றேன். ஆறாவது ஆட்டத்தில் பந்து அவன் முழங்காலில் பட்டு உள்ளே போனது. நோட்டு வைத்திருந்த பையன் தொடுதல் ஒன்று என்று எழுதி வட்டம் போட்டுவிட்டு, முழங்காலுக்கு எந்த எழுத்து போடுவது என்று என்னைக் கேட்டான்.